இறுகாத சிங்கமுகம்

மார்ச் 4
முதலாளியின் மாப்பிள்ளை இன்று எங்களுக்குச் சிலிகான் ரப்பர் பற்றிப் பாடம் நடத்தினார். எட்டு வருடமாக இந்தப் பட்டறையில் அச்சு எடுக்கிறேன். இரண்டு டப்பாவைக் கலந்தால் இறுகும் என்று எனக்கே சொல்கிறார். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வீட்டில் பேச இடமில்லை போல, இங்கே வந்து கொட்டுகிறார்.

மார்ச் 5
பழைய நாடக அரங்கிலிருந்து மரத்தில் செதுக்கிய சிங்கமுகம் வந்திருக்கிறது. கூரையில் உடைந்தவற்றுக்குப் பதிலாக ஜிப்சத்தில் நாற்பது நகல் வேண்டுமாம். ரப்பர் அச்சு ஒன்று சரியாக அமைந்தால் போதும் — பிடரி மயிர்க்கோடுகூட விழும், வளைத்து உரித்தால் மூக்கு உடையாது. ஆனால் எப்போதும் வாங்கும் வெள்ளீயம் சேர்த்த ரப்பர் வகை வேண்டாமாம். "அது நாளாக நாளாகச் சுருங்கும்க்கா. பிளாட்டினம் வகை சுருங்காது" என்றார் மாப்பிள்ளை.
மாமனார் காசில் பிளாட்டினம். நடக்கட்டும்.

மார்ச் 7
இறுகவில்லை. நேற்று ஊற்றிய ரப்பரின் வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. சிங்கத்தின் முகத்தில் பட்ட பக்கம் மட்டும் பிசுபிசுவென்று. துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்தது. மாப்பிள்ளை இரண்டு டப்பாவையும் எடை போட்ட தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். தராசு என்ன பதில் சொல்லும், பாவம்.

மார்ச் 9
மறுபடியும் அதே கதை. முதலாளி எல்லார் முன்னாலும், "உனக்கு எடை போடக்கூடத் தெரியாதா? உன்னை நம்பிப் பொண்ணைக் கொடுத்தேன் பாரு..." என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.
எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், இது என் நோட்டுதானே.

மார்ச் 10
சின்னக் கிண்ணங்களில் மாப்பிள்ளை ரப்பர் ஊற்றி வைத்திருக்கிறார். ஒன்றில் மரத்துண்டு, ஒன்றில் மெழுகு, ஒன்றில் நான் வேலைக்குப் போடும் கிளவுஸிலிருந்து வெட்டிய துண்டு. சொப்பு வைத்து விளையாடுகிற வயசுதான்.

மார்ச் 11
கிளவுஸ் கிடந்த கிண்ணம் மட்டும் இறுகவில்லை.
எல்லாரும் டீக்குப் போனபின் என்னிடம் வந்தார். "அக்கா, இந்த ரப்பர் கிளவுஸ்ல கந்தகம் இருக்கு. அது பட்டா பிளாட்டினம் வகை இறுகாது. பழைய வகைக்கு ஒண்ணும் ஆகாது, அதான் உங்களுக்குத் தெரிய வழியில்ல. வேற கிளவுஸ் வாங்கிட்டேன். மாமாகிட்ட எதுவும் சொல்லல."
சொல்லவில்லையாம். இவர் தயவை யார் கேட்டார்கள்? அச்சு ஒட்டாமலிருக்க மெழுகு பூசியது நான், சிங்கத்தின் முகமெல்லாம் தடவியது கிளவுஸ் போட்ட இந்தக் கைதான் — தெரியும், தெரியும். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மார்ச் 13
நேற்று புதுக் கிளவுஸ் போட்டு, குமிழி வராமல் நூல் மாதிரி ஊற்றினேன். இன்று உரித்தால் ஒரு மயிர்க்கோடு பாக்கியில்லாமல் விழுந்திருந்தது. "அனுபவம்னா இதுதாம்மா" என்றார் முதலாளி. மாப்பிள்ளையைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார், மூட்டை அடுக்க.
பழைய கிளவுஸை எறியாமல் மடித்து எடுத்து வைத்தேன்.

மார்ச் 14
முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "ஐயா, தப்பு என்னோடது. என் கிளவுஸ்தான் கெடுத்துது."
சிரித்தார். "அவன் மேல இரக்கப்பட்டு நீ ஏம்மா பழியை வாங்கிக்கற?"
எட்டு வருட நல்ல பெயர் — ஒரு உண்மையை நம்பவைக்கக்கூட உதவவில்லை. அவர் கண்ணெதிரே இரண்டு கிண்ணம் ஊற்றினேன். ஒன்றில் பழைய கிளவுஸ் துண்டு, இன்னொன்றில் எதுவுமில்லை. "நாளைக்கு நீங்களே தொட்டுப் பாருங்க."

மார்ச் 15
தொட்டார். கிளவுஸ் கிடந்த கிண்ணத்தில் மட்டும் விரல் ஒட்டியது. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர் பரம்பரைக்கே கிடையாது.
எழுந்து கிடங்கு வாசலுக்குப் போனார். "மாப்பிள்ளை, இங்க வாங்க" என்றார்.
இத்தனை நாள் 'ஏய், இங்க வா'தான்.