பிள்ளைக்குப் போட்ட கோதுமை

முக்கூடல்,
ஆவணி 12.

அன்புள்ள கலைச்செல்விக்கு, இசக்கிமுருகன் எழுதுவது.

அங்கே வீட்டு வேலையில் உன் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். குவைத்துக்குத் திரும்பும் அகமது மீரானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேச முடியவில்லை. நம் மகள் வடிவு பக்கத்திலேயே நிற்கிறாள். பிள்ளை உயிருக்கு ஆபத்தில்லை. பதறாமல் படி.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். இன்சுலின் ஊசி போட்டு, வயிறு நிறையச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். அப்படியும் சர்க்கரை இறங்கிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். கோதுமை அவளுக்கு ஆகாதாம். நோயை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி தடம் மாறி முன்பு கணையத்தைக் கெடுத்துச் சுகரைக் கொண்டுவந்ததல்லவா, இப்போது கோதுமை உள்ளே போகும்போதெல்லாம் குடலையும் அரிக்கிறதாம். தின்றது உடம்பில் ஒட்டவே இல்லை, ஊசி மட்டும் சர்க்கரையை இறக்கிவிட்டிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை ஏழு வயது மாதிரி இருப்பது அதனால்தான்.

இரண்டு வருஷமாக நான் கொடுத்தது என்ன? காலையில் கோதுமைத் தோசை, மத்தியானம் கோதுமை ரவை, ராத்திரி சப்பாத்தி. சுகர் என்றால் சோற்றை நிறுத்து என்று ஊரே சொன்னது. பகலெல்லாம் ஆலையில் அரிசி மூட்டை தைக்கிறவன், வீட்டில் ஒரு பருக்கை அவள் தட்டில் விழாமல் பார்த்துக்கொண்டேன். நீ கஞ்சி கொடுக்கச் சொன்னபோது, ‘பிள்ளையக் கொல்லச் சொல்லுதியா’ என்று கத்தினேன். ‘வயிறு வலிக்குப்பா, வேண்டாம்ப்பா’ என்று அழுவாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு முறை அடித்தும் ஊட்டியிருக்கிறேன், கலை. இந்தக் கை விளங்குமா?

இப்போது சோறு, இட்லி எல்லாம் அளந்து கொடுத்து, அதற்கேற்ப ஊசி போடுகிறேன். கடைப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்குமாம், தூக்கிப் போட்டுவிட்டேன். வலி குறைந்திருக்கிறது. குடல் பைய ஆறிவிடும் என்கிறார்கள்.

இன்னொன்று. மூன்று வேளையும் கோதுமையா, பிள்ளை வலி என்று சொல்லவில்லையா என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். வடிவு முந்திக்கொண்டு, ‘நாந்தான் பிடிக்கும்னு கேட்டு வாங்கித் தின்னேன், எங்கப்பாவ ஏசாதீங்க’ என்றாள்.

நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘நீங்க ஒண்ணும் செய்யலப்பா’ என்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. உன்னிடமும் அதையே சொல்லுவாள், நம்பிவிடாதே. என்னை ஏசு, அவள் காது கேட்க ஏசு. வலித்தால் வலிக்கிறது என்று அப்பன் முகத்துக்கு நேரே சொல்ல, அவளுக்கு நீதான் தைரியம் சொல்ல வேண்டும்.

உன்,
இசக்கிமுருகன்