மேகங்கள் வந்து இறங்கிய அறை

திங்கள் காலை, கடையிலிருந்து

என் அன்பு வானிலைக்காரிக்கு,

இங்கே நான் நலம். அந்தத் தீவில் நீயும் உன் கருவிகளும் நலமாக இருக்க வேண்டும். புதன்கிழமைப் படகைப் பிடித்துவிட வேண்டுமென்று, லென்ஸ் தேய்க்கிற மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் சொரசொரவென்று இருந்தால் அது கண்ணாடித் தூள், தட்டிவிட்டுப் படி.

நீ எடுத்த மேக வீடியோவை வாங்க, நேற்று நீ சொன்னபடியேதான் செய்தேன். பிரவுசரைத் திறந்து, ஃபைல் அனுப்புகிற அந்த எக்ஸ்டென்ஷனைத் தேடிப் பிடித்து, சேர் என்ற பொத்தானை அழுத்தினேன். சேர்ந்துவிட்டது என்று ஒரு வரி வந்து மறைந்தது. அதோடு சரி, ஆளைக் காணோம். நானும் தேடு தேடென்று தேடினேன். கடைசியில் பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா வந்து, மேலே ஓரத்தில் புதிர்த்துண்டு மாதிரி ஒரு படம் இருக்கிறதே, அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது, குண்டூசிப் படத்தைத் தொட்டு வெளியே குத்தி வையுங்கள் என்றார். குத்தினேன். நீல நிறத்தில் ஒரு சின்ன அம்பு வந்து நின்றது.

இது எதற்கு, மெயிலிலேயே அனுப்பக் கூடாதா என்று அவரிடம் கேட்டேன். அவ்வளவு பெரிய வீடியோவை மெயில் தாங்காது. இது உங்கள் வீட்டம்மா கம்ப்யூட்டரிலிருந்து நேராக உங்களுடையதற்கு வரும். நடுவில் எங்கேயும் தங்காது. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். உன் வானிலை நிலையத்தில் ஞாயிறு நான்கு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் உங்களுக்கு லைன் தருகிறார்கள் என்று நான் சொன்னதும், அட கஷ்டமே என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

இணைப்புக்காக நீ அனுப்பிய ஆறு எண்களைப் போட்டேன். இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி சிவப்பு. ஒரு மணி நேரம் அப்படியே கரைந்தது. பரவாயில்லை, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று உன் குறுஞ்செய்தி வந்தபோது எனக்குத்தான் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை.

இன்று காலை அக்கா திரையின் மூலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தேதி ஏழு வருடம் பின்னால் நிற்கிறது! உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அணைத்துத் திறக்கும்போதெல்லாம் அது பிறந்த நாளுக்கே போய்விடுகிறதாம். “ஏழு வருஷத்துக்கு அப்புறம் வர்ற ஆள் இப்ப வந்து கதவைத் தட்டினா அது எப்படி நம்பும்?” என்றார்.

அவர் போனபின் அந்தத் தேதியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை நீ இன்னும் என் கடைக்கு வரவில்லை. இதில் தெளிவா, அதில் தெளிவா என்று நான் கேட்கவில்லை. இரண்டிலுமே நீங்கதான் மங்கலாத் தெரியறீங்க என்று நீ சொல்லவில்லை. பிறகு மாதம் மாதமாக அழுத்தி முன்னால் வந்தேன். போன வருடத்தில் ஒரு மாதத்தில் மட்டும் விரல் நின்றுவிட்டது. எது என்று உனக்குத் தெரியும். அதையும் தாண்டி இன்றைக்கு வந்து சேர்ந்தேன்.

இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டிருந்தாய். நான் என்ன சொல்ல? உன் விருப்பம்தான்.

முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கண்ணாடிக்காரன்


இரண்டு வாரம் கழித்து, திங்கள்

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் உப்பு வாசனையோடு வந்து சேர்ந்தது. காற்று பலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு முதலில் காதில்தான் வலி ஆரம்பிக்கும்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். தேதி சரியானதும் சிவப்புப் பக்கம் போய்விட்டது. ஆனால் ஃபைலைச் சேமிக்க அனுமதி இல்லை என்று புதிதாக ஒரு தகராறு. விசாரித்தால் குற்றவாளி நானே. முதல் நாள் அது ஏதோ அனுமதி கேட்டபோது, எதற்கு வம்பு என்று வேண்டாம் என்பதை அழுத்தியிருக்கிறேன். கேட்கிற கேள்விக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் எதுவும் வரவில்லை என்றால் எப்படி என்று அக்கா திட்டினார். செட்டிங்ஸில் போய் அதை மாற்றியும் கொடுத்தார்.

போன ஞாயிறு நீயே பார்த்தாய், அறுபத்திரண்டு சதவீதம் வரை வந்து நின்றது. நேற்று முப்பத்தெட்டிலேயே அறுந்துவிட்டது. என்னாச்சு, என்னாச்சு என்று அந்தச் சின்னச் செய்திப் பெட்டியில் நீ தட்டிக்கொண்டே இருந்தாய். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? விளம்பரத்தைத் தடுக்கிற எக்ஸ்டென்ஷனை அணைத்துப் பார்த்தேன். லேப்டாப் தானாகத் தூங்கிப் போகாமல் மாற்றி வைத்தேன். பிரவுசரையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

இன்று அக்கா, வைஃபை பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். சின்ன அறையில் என்றேன். கதவு? மூடியிருக்கிறது. அதுதான் விஷயம், கதவைத் திறந்து லேப்டாப்பை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்றார். சாவி எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொன்னேன்.

தொலையவில்லை. கடை இழுப்பறையில், மூக்குக்கண்ணாடித் திருகுகளுக்கு நடுவில் கிடக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்த அன்றைக்குப் பூட்டியது. நான் பூட்டினேன், நீ பார்த்துக்கொண்டு நின்றாய். எட்டு மாதமாயிற்று. நீ கிளம்பிப் போன பிறகு எனக்கு வந்த செய்தியெல்லாம் அந்தப் பூட்டிய கதவைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. லைன் சரியில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்கு இதுதான் காரணம்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஞாயிறு வேண்டுமானால் என் கடையைத் திறந்து தருகிறேன், அங்கே உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்,
கண்ணாடிக்காரன்


ஞாயிறு மாலை, வீட்டிலிருந்து

என் உயிரானவளே,

நூறு சதவீதம் ஆனதும், “வந்தது” என்று ஒரே ஒரு வார்த்தைதான் உனக்குத் தட்டினேன். மீதியை இதில் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கே திறந்தேன். பூட்டு கொஞ்சம் அடம்பிடித்தது. உள்ளே பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நான் பாதியில் விட்ட மஞ்சள் சுவர், பாதியிலேயே இருக்கிறது. பிரிக்காத தொட்டில் அட்டைப்பெட்டியோடு மூலையில் சாய்ந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் அந்த வைஃபை பெட்டி, தூசிக்குள் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு, இத்தனை நாளும் தனியாக வேலை பார்த்திருக்கிறது. அதைத் துணியால் துடைத்துவிட்டு, கீழேயே உட்கார்ந்தேன்.

நான்கு மணிக்கு உன் எண்கள் வந்தன. முப்பத்தெட்டைத் தாண்டியது. அறுபத்திரண்டைத் தாண்டியது. அறுபத்து மூன்று வந்தபோது எழுந்து கை தட்டலாம் போலிருந்தது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முழுதாக வந்து இறங்கியது.

அப்புறம் உன் மேகங்களைப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்தேழு நிமிடப் படம். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் நான் நகர்கிறேனா அவை நகர்கின்றனவா என்று தெரியவில்லை. அறை இருட்டிக்கொண்டு வர, திரை வெளிச்சம் மஞ்சள் சுவரில் விழுந்து ஊர்ந்தது. வெள்ளை, பிறகு சாம்பல், பிறகு வெள்ளை. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடலின் மேல் யாரோ என்னை மிதக்க விட்டது போல இருந்தது.

முப்பத்தோராவது நிமிடத்தில் நீ வருகிறாய். கேமராவின் கண்ணாடியைத் துடைக்கிறாய். அது ஓடிக்கொண்டிருப்பது உனக்கு மறந்துபோயிருக்க வேண்டும். கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து, மடியளவு உயரத்தில் இருக்கிற யாரையோ பார்த்துப் பேசுகிறாய். “பாரு, அது பஞ்சு இல்ல, உள்ள மழை வெச்சிருக்கு. அந்த மெலிசா இருக்கே, அது நாளைக்குக் காத்து வரும்னு சொல்லுது.” பிறகு சற்றுப் பேசாமல் இருக்கிறாய், கேள்வி கேட்க அதற்கு நேரம் கொடுப்பது போல. அப்புறம், “ஆமா, ரொம்ப தூரம். கால் வலிச்சா தூக்கிக்கறேன்” என்கிறாய்.

அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது என்றால் மன்னித்துக்கொள்.

நீ மறப்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கண்ணில் படக் கூடாதே என்றுதான் இந்த அறையைப் பூட்டினேன். நீயோ, நான் குழந்தையையே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டதாக நினைத்திருப்பாய். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. நீயாவது மேகத்தைக் காட்டிப் பேசியிருக்கிறாய். நான் லென்ஸ் தேய்த்தேன், அவ்வளவுதான்.

உன் விருப்பம் என்று எழுதினேனே, அது பொய். கோழைத்தனமும்கூட. எனக்கு நீ வேண்டும். வேலை பிடித்திருந்தால் மறுபடி போவதைப் பற்றிச் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கலாம். நானும் உன்னோடு வரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் முதலில் நீ வா.

அடுத்த ஞாயிறு என் பக்கத்திலிருந்து ஒன்று அனுப்புகிறேன். சின்ன ஃபைல்தான், ஒன்பது வினாடி. வெறும் குரல். நாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்து, எந்தப் படிவத்திலும் எழுத முடியாமல் போன பெயர். இந்த அறையில் நின்று அதை வாய்விட்டுச் சொன்னேன். முதல் இரண்டு தடவை குரல் உடைந்துவிட்டது. மூன்றாவது தடவை முழுதாக வந்தது. அதைத்தான் அனுப்பப் போகிறேன்.

காற்று புகாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து கேள். கேட்டுவிட்டுப் பதில் எதுவும் எழுத வேண்டாம். கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். படகேறி வந்துவிடு, கண்ணே.

உன் வழி பார்த்திருக்கும்,
நான்