வருகையாளர் புத்தகத்தில் உன் எழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வண்டும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா யாரைப் பிடித்து எழுத வைத்தார் என்று யோசிக்காதே, இது என் கையாலேயே எழுதுவது. எட்டு மாதமாக நூலகத்து மாலை வகுப்புக்குப் போகிறேன், திடீரென்று கடிதம் போட்டு உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று சொல்லாமல் இருந்தேன். பரணில் கிடந்த உன் பள்ளி நோட்டுகளைப் பார்த்துத்தான் பழகினேன், அதனால் உன்னைப் போலவே வாலைச் சுழித்து மேலே ஏற்றித்தான் எனக்கும் 'ழ' வரும். அம்மாவுக்குக் கண் தெளிந்துவிட்டது, நான் சவரம் செய்ததில் விட்டுப்போன இடத்தையெல்லாம் தினமும் கண்டுபிடித்துச் சொல்கிறாள்.

போன ஞாயிறு எங்கள் டீச்சர் வகுப்பையே பஸ்ஸில் ஏற்றி, இரண்டரை மணி நேரத்தில் அந்தக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கடல்வழி தேடி வந்த போர்த்துகீசியர்கள் தண்ணீர் பிடிக்க இறங்கி, பிறகு கோட்டை கட்டிய ஊராம், பலகையில் நானே படித்தேன். ஒரு பலகையையும் விடவில்லை. கொத்தனாரே கக்கூஸ் பலகையையாவது விட்டு வையும் என்று என்கூடப் படிக்கும் காய்கறிக்கார அம்மா கத்தினாள். கோட்டைச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், சுண்ணாம்புப் பூச்சு இன்னும் உதிரவில்லை, எனக்குப் பொறாமையாகவே இருந்தது. கப்பலில் போனவர்களைப் பற்றி இரண்டு வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு சேதியும் வராது என்று எழுதியிருந்தது. அந்த அம்மா, அவங்களுக்குப் போன் இல்லை, என் மகனுக்கு என்ன கேடு என்றாள். என் மகள் ஞாயிறு தவறாமல் பேசுவாள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அருங்காட்சியக வாசலில், வந்தவர்கள் எழுதும் பெரிய புத்தகம் இருந்தது. அதையும் விடுவானேன் என்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில் மூன்று பாய் விரித்த கப்பல் படம், கீழே வண்டு என்று கோணலாக எழுதியிருந்தது. அதற்கும் கீழே, குடும்பத்தோடு ஐந்து நாள் தங்கினோம், கிளம்பவே மனமில்லை என்று நீ எழுதியிருந்தாய். எத்தனையோ முறை பார்த்து எழுதிய கையெழுத்து எனக்குத் தெரியாதா. தேதியை மூன்று முறை படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாள். டீச்சர் எட்டிப் பார்த்தார், நேரமாச்சு ஐயா என்று மெதுவாகப் பக்கத்தைத் திருப்பினார்.

அன்று மத்தியானம் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது நீ போன் செய்தாய். லீவே தரமாட்டேங்கிறாங்கப்பா என்று அழுதாய், நான்தான் உன்னைத் தேற்றினேன். என்னம்மா ஒரே இரைச்சலாக இருக்கிறதே என்றதற்கு, இங்கே நல்ல மழைப்பா என்றாய். அந்த மழையைக் கோட்டை மேல் கடலைப் பார்த்து நின்று நானும் கேட்டேன்.

ஏன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். குளியலறை வெளியே இருப்பதால் மாப்பிள்ளைக்குச் சிரமம் என்று முன்பு சொன்னாய். உள்ளேயே கட்டி, தரைக்கு ஓடு பதித்து, ஆபரேஷனுக்கு முந்தின வாரமே முடித்துவிட்டேன். இன்னும் அதில் யாரும் குளிக்கவில்லை, முதலில் நீங்கள்தான் என்று அம்மா பூட்டி வைத்திருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது, நான் சொல்லவில்லை. நீதான் எழுத வேண்டும். ஆனால் ஒன்று, இனிமேல் உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். எனக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது, உள்ளதை மாற்றிப் படிக்கும் சாமர்த்தியம் இல்லை. அதனால் பார்த்து எழுது.

வண்டு நன்றாகப் படம் போடுகிறாள், அவளுக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். திருப்பிய பக்கத்தை மறுபடி திருப்பி, உன் வரிக்குக் கீழே நானும் எழுதிவிட்டு வந்தேன். நீ அங்கே மறுபடியும் போனால் பார். நானும் வந்தேன், ஒரு நாள் என்று எழுதியிருக்கிறேன்.

உன்னையே பார்த்து எழுதப் பழகிய
அப்பா