சொல்லாமல் வைத்த பயணம்

24 மே 2006, புதன்

விட்டுவிட்டு மழை. ஜெர்மனியில் இந்த ஹம் நகரத்தில் மே மாதம் என்றால் இப்படித்தான். முதியோர் இல்லத்தில் நான்கு நாள் லீவு எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்தொன்பது வருடமாகக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போகாதவள், சுற்றுலாப் போகிறாளாம். பெல்ஜியத்துக்கு.

கொண்டுபோக:
குடை இரண்டு.
சித்தாலேபை.
ஸ்ரெல்லாவின் மகள் அனெற்றுக்கு வாந்திக் குளிசை.
கட்லெட் முப்பது. (ஸ்ரெல்லா பத்துப் போதும் என்கிறாள். அவளுக்கென்ன தெரியும்.)
பாஸ்போட் மூன்றும். ஸ்.வும் பிள்ளையும் போன வருடம்தான் ஜெர்மன் பாஸ்போட் எடுத்தவர்கள். எடுத்ததை ஒரு தரமாவது பாவிக்க வேண்டாமா என்கிறாள்.

பயணம் முழுக்க ஸ்.வின் ஏற்பாடு. கூடப்பிறந்தவள் இல்லை, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வான், ஏழு பேர், ஜெர்மன் பேசும் வழிகாட்டி. “ஒருக்கால் நாங்கள் மூண்டுபேரும் ஒண்டாப் போவம் அக்கா” என்று இரண்டு மாதமாக அரித்தெடுத்துவிட்டாள். அவளுடைய புருஷன் ரஞ்சன் மார்ச்சிலிருந்து மூனிச்சில் வேலை, வரமுடியாது. இவருக்குத் தொழிற்சாலையில் லீவு இல்லை. இருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

இவருடைய முகம் இன்னும் சரியாகவில்லை. ஹம்பேர்க்கில், என் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த நிரந்தர வேலையை பெப்ரவரியில் நான் வேண்டாமென்றது அவருக்கு அப்படியே தொண்டையில் நிற்கிறது. நான் என்ன செய்ய. ஸ். வந்து அழுதாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அனெற்றை யார் பார்ப்பது என்றாள். ஒன்றரை வயதிலிருந்து நான் பார்க்கிற பிள்ளை, இப்போது பத்து வயது. எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு மணியடித்துவிட்டுச் சப்பாத்தை மூலைக்கு ஒன்றாக எறிகிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு ஹம்பேர்க்கில் போய் நான் யாருக்குச் சோறு போடுவது?

25 மே, வியாழன். புரூக்ஹ

மேகமூட்டம், மழை இல்லை. ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள்.

வழிகாட்டியின் பெயர் லீவ. அறுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற ரீச்சர். நடந்தால் பிடிக்க ஏலாது. மற்றவர்கள்: மூன்ஸ்ரரிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி, கல்யாணம் கட்டாத சகோதரிகள் இரண்டு பேர். சகோதரிகள் ஆளுக்கு மூன்று கட்லெட். பெண்சாதி ஒன்று. புருஷன் ஐந்து. மிச்சத்தை நாங்களும் லீவவும் முடித்தோம். முப்பது போதவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

திரு இரத்தப் பவனி. இயேசுவின் இரத்தம் என்று ஒரு கண்ணாடிக் குழலில் வைத்திருப்பதை வருடத்துக்கு ஒரு தரம் ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். ஊர்ச்சனமே வேஷம் போட்டு வேதாகமக் கதைகளை நடித்துக்கொண்டு போகிறது. ஆடுகள், குதிரைகள், ரோமச் சிப்பாய்கள். ஒரு சிப்பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டான். அனெற்றுக்கு அடக்கமுடியாத சிரிப்பு. குழல் வரும்போது மட்டும் ஒரு சத்தம் இல்லை, அத்தனை பேரும் எழும்பி நின்றார்கள். ஊரில் மடு மாதா சுற்றுப்பிரகாரம் வருகிறபோது எங்கள் சனம் இப்படித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கோயிலுக்குள் வரிசை. குழலைத் தொட்டுக் கும்பிடலாம். ஒவ்வொருவர் தொட்டபிறகும் குருவானவர் துணியால் துடைக்கிறார். அனெற் ஓகஸ்டில் கிம்னாசியம் என்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அங்கே கெட்டிக்காரியாக வரவேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பெயர் பதியப் போனபோது நானும் கூடப் போனேன். பெரிய மரங்கள் உள்ள முற்றம். ஸ். எனக்குப் பின்னால் கன நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவளும் இதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

கால் வீக்கம். சித்தாலேபை பூசியாயிற்று. அறை முழுக்க ஆஸ்பத்திரி மணம் என்று ஸ். முறைப்பாடு.

26 மே, வெள்ளி. கென்ற்

காற்று. குடை ஒன்று போய்விட்டது.

இந்தச் சனம் உருளைக்கிழங்கை இரண்டு தரம் பொரிக்கிறது. ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு, திரும்பவும். கடதாசிக் கூம்பில் போட்டுச் சின்னப் பிளாஸ்ரிக் முள்ளால் குத்தி, தெருவில் நின்றே சாப்பிடவேண்டும். இது பிரெஞ்சுக்காரருடையது அல்ல என்று லீவ மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் கொஞ்சம் கோபமாக. கைப்பையில் இருந்த மிளகாய்த்தூளைத் தூவினேன். லீவ பார்த்தார், பிறகு தன்னுடையதையும் நீட்டினார். நல்ல மனுஷி.

பின்னேரம் ஒரு பெகினாஜ். சுற்றுமதிலுக்குள் சின்னச்சின்ன வெள்ளை வீடுகள். முந்திக் காலத்தில் பெண்கள் மட்டும் இருந்த இடம். கன்னியாஸ்திரிகள் இல்லை, விரும்பினால் வெளியே போகலாம், கலியாணமும் கட்டலாம். பிடித்திருந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள். புருஷன்மார் செத்தபிறகு நாங்கள் இரண்டுபேரும் இங்கே வந்துவிடுவோம், அனெற் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஸ்.விடம் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் பழைய பகிடி இது. ஸ். சிரிக்கவில்லை. சப்பாத்து வாரைக் கட்டக் குனிந்தவள் கன நேரம் நிமிரவில்லை.

பிறகு என்னையும் பிள்ளையையும் ஒவ்வொரு வாசலிலும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பதினேழு படம். எதற்கு இவ்வளவு என்றேன். கமெராவில் இடம் இருக்கிறதாம்.

27 மே, சனி

மழை. முழுநாளும்.

சொக்கிலேற் கடை ஆறு. இவருக்கு ஒரு பெட்டி, வேலையிடத்துக்கு ஒன்று.

இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இராட்சதப் பொம்மை. இரண்டு ஆள் உயரம், உள்ளே ஒருவன் நின்று தூக்கிக்கொண்டு ஆடுகிறான். பொம்மைகளுக்குக் கலியாணம் கட்டிவைத்து, ஞானஸ்நானம் கொடுத்துப் பிள்ளையும் வைத்திருக்கிறார்கள். மரப்பொம்மைக்குக்கூட இந்த ஊரில் பிள்ளை.

ஸ். மூன்று தரம் ரெலிபோன் கதைக்க வெளியே போனாள். ரஞ்சனுக்கு மூனிச்சில் வேறு வீடு பார்க்கிறார்களாம். என்னுடைய மீன் சம்பல் போத்தல் போய்ச் சேர்ந்ததோ என்று கேட்டேன். சேர்ந்ததாம், நல்லதாம். பேச்சு அவ்வளவுதான்.

அனெற் இன்று முழுக்க என் கையை விடவில்லை. கதைக்கவும் இல்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் கிடந்தது.

28 மே, ஞாயிறு. வீடு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

காலை ஏழு மணி, புரூக்ஹவுக்கு அப்பால் ஒரு கிராமத்துத் தெரு. வெயில். குருவிப் போட்டி. ஆட்கள் வளர்க்கிற சின்னக் குருவிகளை ஆளுக்கொரு மரப்பெட்டியில் அடைத்துத் தெருவோரம் வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு முக்காலி, முக்காலியில் ஒரு ஆள், கையில் நீளத் தடி. குருவி தன் பாட்டை முழுதாகப் பாடி முடித்தால் தடியில் சோக்கட்டியால் ஒரு கோடு. ஒரு மணித்தியாலம், ஒருவரும் கதைக்கக்கூடாது. ஒருவரும் தன்னுடைய குருவிக்கு முன்னால் இருப்பதில்லை, மற்றவனுடைய குருவிக்குத்தான் கோடு போடுவது. எல்லாரும் ஒருவரையொருவர் நம்பித்தான் நானூறு வருடமாக நடக்கிறது என்று லீவ காதுக்குள் சொன்னார். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஒரு கிழவர் அனெற்றுக்குப் பக்கத்தில் இடம் விட்டு, சோக்கட்டியையும் கொடுத்தார். பிள்ளை மூச்சுவிடாமல் இருந்து கோடு போட்டாள். முடிந்ததும் கிழவருக்குச் சந்தோஷம். ஓகஸ்டில் பெரிய போட்டி இருக்கிறது, இவளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார். லீவ அதை ஜெர்மனில் சொன்னார்.

அனெற் ஜெர்மனில் பதில் சொன்னாள். ஓகஸ்டில் நாங்கள் இங்கிலாந்தில் இருப்போம், பப்பா மார்ச்சிலேயே போய் வீடு எடுத்துவிட்டார், பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. லீவவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்.

ஸ்.வின் முகத்தைப் பார்த்தேன். கேட்கத் தேவையிருக்கவில்லை.

மூனிச் இல்லை. மூனிச் ஒருநாளும் இருந்ததில்லை. என்னுடைய மீன் சம்பல் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. பெப்ரவரியில் என் வீட்டுக் கதிரையில் இருந்து அழுதாளே, அப்போதே எல்லாம் முடிவு. பள்ளிக்கூடம் முடியும்வரைக்கும் பிள்ளை பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. கிம்னாசியத்தில் பெயர் பதிந்ததும் ஊர் வாயை மூட. இந்தச் சுற்றுலா எனக்குக் கொடுத்த சம்பளம். பதினேழு படம் எதற்கென்று இப்போது தெரிகிறது.

வான் நிறுத்திய இடத்தில் வைத்துக் கேட்டேன். சத்தம் போடவில்லை.

“பயணம் சரிவருமட்டும் வெளியில சொல்லுறேல்லை அக்கா. உங்களுக்குத் தெரியாததே.”

தெரியும். எனக்குத் தெரியாமலா? எண்பத்தேழில் மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது பக்கத்து வீட்டு மெற்றில்டாவிடம் வவுனியாவுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பிளேன் ஏறினேன். பயணத்தை வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு பட்டுத் தடைப்படும். எங்கள் சனம் முழுக்க அப்படித்தான் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிச் சொல்லி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது வெளியாட்களுக்கு.

“நான் வெளியோ ஸ்ரெல்லா?”

அவள் அழத் தொடங்கினாள். பெப்ரவரியில் அழுத அதே அழுகை.

“மற்ற ஆக்கள் எண்டால் பரவாயில்லை, உங்களிட்ட மட்டும் சொல்ல வேண்டாம் எண்டு அம்மா கொழும்பிலயிருந்து சொன்னவ. பிள்ளையில்லாத ஆக்கள்... நான் அப்படி நினைக்கேல்லை அக்கா. அம்மாதான்.”

அம்மாதான். நல்லது. அம்மா சொன்னாள், இவள் செய்தாள். ஒன்பது வருடம் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறபோது என் கண்ணுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பிள்ளை அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடந்தபோது வேப்பிலைக்கு டோர்ட்மண்ட் வரை போய் அலைந்தவள் நான். ஸ். இரவு வேலைக்குப் போனாள், நான் முழித்திருந்தேன். அப்போதெல்லாம் இந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

திரும்பி வருகிற வழியில் சகோதரிகள் இரண்டு பேரும் பாவம், கட்லெட் செய்முறை கேட்டார்கள். சொன்னேன். வெங்காயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று இப்போதுதான் நினைவு வருகிறது.

29 மே, திங்கள்

தூறல். காலை வேலை. மூன்றாம் மாடிக் கிழவி என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டாள்.

மதியம் ஹம்பேர்க்குக்கு ரெலிபோன் எடுத்தேன். அந்த இடத்துக்கு ஏப்ரலிலேயே ஆள் போட்டாயிற்றாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அப்பவே சொன்னேன் என்று தொடங்குவார் என்று பார்த்தேன். தொடங்கவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து வைத்தார். சீனி போடாத தேத்தண்ணி. குடித்தேன்.

அனெற் வரவில்லை. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் யன்னலில் நின்றேன். வராவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பிள்ளையும் மூன்று மாதம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். மூனிச்சிலிருந்து பப்பா எடுத்தார், மூனிச்சில் மழையாம் என்று என் மேசையில் இருந்து, என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு. தாய் சொல்லிக்கொடுத்ததுதான். இருந்தாலும் தாயை விட அவளில்தான் எனக்குக் கூடக் கோபம். இதை யாரிடமும் சொல்ல ஏலாது, அதனால் இங்கே.

ஸ்.விடமிருந்து ரெலிபோன் நான்கு தரம். எடுக்கவில்லை.

30 மே, செவ்வாய்

வெயில். உடுப்புக் காயப்போட்டது. லீவு கேட்ட கடிதத்தின் பிரதியைக் கிழித்துப் போட்டது.

மூன்று மணிக்கு மணி அடித்தது. அனெற். தாய்க்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். சப்பாத்தை எறியவில்லை, கழற்றி ஒழுங்காகச் சுவரோடு வைத்தாள்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். பொரித்த முட்டை. அவள் பாதியில் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அடுப்படியில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“பெரியம்மா, உங்களுக்குத் தெரிஞ்சால் பயணம் நடக்காதெண்டு அம்மா சொன்னவ.”

குழாயைத் திறந்து விட்டேன்.

“அதுதான் அண்டைக்குக் குருவிப் போட்டியில நான் சொன்னனான். இப்ப நடக்காது என்ன?”

குழாயை மூடித் திரும்பினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் கண்ணை. அந்தக் கண்ணில் அப்படியொரு வலு இருக்கவேண்டும் என்று நெஞ்சாரக் கேட்டேன். திரு இரத்தத்துக்கு முன்னால்கூட நான் அப்படிக் கேட்கவில்லை.

நடக்கும் என்று சொன்னேன்.