அவள் பொத்தானை அமுக்கினாளா

இன்று காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் மார்பில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் துடைத்தாள். குப்பென்று உன் ஞாபகம் வந்துவிட்டது. நம் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் கண்ணாடியைத் துடைக்கிற திரவத்தின் வாசனை அப்படியே. இருபத்திரண்டு வருஷம் நாம் இரண்டு பேரும் அந்த வாசனையோடுதான் ஷிப்டை ஆரம்பித்தோம். கொஞ்சம்தான் வலிக்கும், பயப்படாதீர்கள் என்று அந்த நர்ஸ் மலாயில் சொன்னாள். வலிக்கு யார் பயந்தார்கள்?

இடது பக்கம் ஒரு கட்டி. பதினொரு நாளாக என் விரலுக்கு மட்டும் தெரிந்த கட்டி. இன்று ஊசியை விட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் வியாழக்கிழமை. வீட்டில் பசாருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன், ஒரு கட்டுக் கீரைகூட வாங்காமல் திரும்பி வந்தேன். மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தப் படத்துக்காக நாம் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. கம்பெனி விருந்துக் குலுக்கலில் உனக்கு விழுந்த இரண்டு டிக்கெட். குக்கர் கிடைத்திருந்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டேதான் உன்கூட வந்தேன். விண்வெளிக் கப்பலில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. பூமியில் ஏதோ பெரிய நாசம் நடந்திருக்கிறது. வீட்டில் விட்டுவந்த மகள் உயிரோடு இருக்கிறாளா என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் பூமியிலிருந்து ஒரு செய்தி வந்து நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் தெரிந்துவிடும். கட்டைவிரலைக் கொண்டுபோகிறாள், திரை கறுத்துவிடுகிறது. இருட்டில் ஒரே ஒரு மூச்சுச் சத்தம். அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிட்டார்கள். நடுநடுவே அவளும் மகளும் கடற்கரையில் நடக்கிற காட்சி வேறு வரும். அது முன்னால் நடந்ததா, பின்னால் நடக்கப்போவதா என்று படத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கொம்தார் பக்கத்துத் தியேட்டரில் படி இறங்கும்போதே நீ ஆரம்பித்துவிட்டாய்.

"அமுக்கிட்டாடி. கடற்கரையில அவ கட்டைவிரல்ல பிளாஸ்டர் இருக்கு, பாத்தியா? கப்பல்ல வெட்டுப்பட்ட அதே விரல். அப்ப அது பின்னால நடந்ததுதான? அமுக்கி, தெரிஞ்சுக்கிட்டு, வீடு வந்து சேந்துட்டா."

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் சில்லுகளில் முடி அளவு கீறலைத் தேடுகிற கண் உனக்கு. பிளாஸ்டரை விடுமா?

"அது கனவுதான்லா" என்றேன்.

"கனவுல பிளாஸ்டர் எதுக்கு?"

"கனவு காணுறவளுக்கு வெரல் வலிக்குதுல்ல, அதான்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் நமக்கு வேறு பேச்சே இல்லை. பினாங்கு ரோட்டு மாமாக் டீக்கடை அண்ணன் படத்தைப் பார்க்காமலேயே கதையை மனப்பாடம் செய்துவிட்டார். நுரைக்க ஆற்றிய தே தாரிக்கை மேசையில் வைக்கும்போதெல்லாம், "என்னாம்மா, அந்தப் பொம்பள இன்னும் அமுக்கலியா?" என்பார். உங்கள் ஓட்டு யாருக்கு என்று கேட்டதற்கு, "பெத்தவ அமுக்காம இருப்பாளா?" என்று உன் பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

தோற்பது எனக்கு ஆகாது. அன்றைக்கு உன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். "தெரியாத வரைக்கும் மக உயிரோட இருக்கா. அமுக்குன அடுத்த நிமிஷம் செத்துப்போயிரலாம். நானா இருந்தா அமுக்கவே மாட்டேன்."

நீ குடிக்காமல் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தாய். "அமுக்காட்டி மட்டும் நடந்தது நடக்காம போயிருமா?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"போகாது. ஆனா தெரியாம இருக்கிற நாளெல்லாம் நிம்மதியான நாளுலா" என்றேன். பெரிய வசனம் பேசிவிட்ட பெருமை எனக்கு.

நம் வேலையில் சந்தேகமான சில்லை ஹோல்ட் தட்டில் வைப்போம். நல்லது என்றும் சொல்லமாட்டோம், கழிக்கவும் மாட்டோம். இஞ்சினியர் வந்து பார்க்கும் வரை அது அங்கேயே கிடக்கும். ஷிப்ட் முடிவதற்குள் அந்தத் தட்டு காலியாக வேண்டும் என்பது சட்டம். அதில் உன்னைப் போலக் கறாரான ஆள் நம் லைனில் கிடையாது. அந்த மாதம் உன் தட்டில் சில்லுகள் தங்க ஆரம்பித்தன. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். "நீயும் அந்தப் பட டைரக்டர் மாதிரி ஆயிட்டலா" என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரித்தாய் என்றுதான் நினைத்தேன். முகத்தை மூடிய துணிக்கு மேலே கண் மட்டும்தானே தெரியும்.

கடைசியில் வழக்கு அந்த மூச்சில் வந்து நின்றது. இழுத்த மூச்சென்றால் அவள் இன்னும் அமுக்கவில்லை, விட்ட மூச்சென்றால் பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை போய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டு பேருக்கும் லீவாக இருந்த ஒரு புதன்கிழமை. நீ புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து, ஃபெரியை விட்டு இறங்கி எனக்குப் போன் செய்தாய்.

"ஒரு எடத்துக்குப் போகணும். கூட வர்றியா?"

"எங்க?"

"சும்மா. ஒரு சின்ன வேல."

"வேல எங்கயும் ஓடிப் போயிராது. படத்த இன்னிக்கித் தூக்குறானுங்க. நேரா தியேட்டருக்கு வந்துரு."

படம் எத்தனை மணிக்கு என்று கேட்டாய். அப்புறம் சரி என்றாய். தியேட்டர் வாசலில் உன்னைப் பார்த்தபோது, பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தாய். சோளப்பொரிகூட நீதான் வாங்கினாய்.

கடைசிக் காட்சி வந்ததும் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். உன் கை என் கையைத் தேடிப் பிடித்தது. சில்லென்று இருந்தது. ஏசி என்று நினைத்தேன். மூச்சுச் சத்தம் வந்தது, போனது. விளக்கைப் போட்டதும், "இழுத்த மூச்சுதான?" என்றேன்.

"ஆமாடி. நீ சொன்னதுதான் சரி. அவ அமுக்கல."

நான் துள்ளிக் குதித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது எந்த மூச்சென்று பிடிபடவே இல்லை. ஜெயிப்பதற்காகச் சொன்னேன். நீ ஏன் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தாய் என்றும் யோசிக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து நீ லைனில் மயங்கி விழுந்தாய். தலையிலிருந்து கால் வரை மூடுகிற அந்த வெள்ளை அங்கியை நான்தான் கழற்றினேன். உள்ளே பாதி ஆளாக இருந்தாய். புற்று மார்பிலிருந்து எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகு உன் கட்டில் பக்கத்தில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தேன். படத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஓர் ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினார். உன் பெயர் இருந்தது. அந்தப் புதன்கிழமையின் தேதி இருந்தது.

"அன்னிக்கி ஒங்கூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டுதாம்மா கெளம்புனா. வந்து கேட்டதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டா. டாக்டர் அப்ப என்னா சொன்னாரு?"

அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "போகலண்ணே. படத்துக்குப் போனோம்."

அவர் என்னை அடித்திருக்கலாம். "என்னா படம்?" என்றுதான் கேட்டார். சொன்னேன். கதையைக் கேட்டார், அதையும் சொன்னேன்.

"கடைசியில என்னாச்சு?"

"காட்டலண்ணே. நாமளே நெனச்சுக்க வேண்டியதுதான்."

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றார். நான் பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டேன்.

நான் அன்றைக்குப் படத்துக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால் நீ போயிருப்பாயா? இல்லை, வேறொரு சாக்கு தேடியிருப்பாயா? பல நாள் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, நீ இல்லை.

குளிக்கும்போது என் கை அந்தக் கட்டியில் பட்ட நாளிலிருந்து நான் பேசிய வசனம் எனக்கே கேட்டது. தெரியாமல் இருக்கிற நாளெல்லாம் நிம்மதியான நாள். அத்தனையும் பொய். இந்தப் பதினொரு நாளில் ஒரு மணி நேரம் நிம்மதி இல்லை. சோப்புப் போடப் பயம். படுத்தால் அந்தப் பக்கம் திரும்பப் பயம். மகள் கட்டிப்பிடிக்க வந்தால் விலகிக்கொள்கிறேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். ஏழு மாதம் இதை எப்படித் தாங்கினாய்? படத்தைச் சாக்காக வைத்து நீ என்னிடம் கேட்டுக்கொண்டேதானே இருந்தாய். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். ஏன் கேட்கிறாய் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

இதை எழுத உட்காருவதற்கு முன் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பசார் என்று பொய் சொன்னதற்கு முதலில் கத்தினார். அப்புறம் என்னைவிட அதிகமாகப் பயந்துபோனார். வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டார். சொன்னால் பயம் பாதியாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. இப்போது வீட்டில் பயப்படுகிறவர்கள் இரண்டு பேர். ஆனாலும் போகப்போகிறேன். அது என்னவாக இருந்தாலும் கேட்டுவிட்டு வரப்போகிறேன்.

பாவம், தனியாகவே பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள் என்று உன் காரியத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து தலையை ஆட்டினேன். நீ தனியாக இல்லை. உன் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். உன்னை எப்படி ஜெயிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.