வெள்ளைத் துணி கட்டிய கம்புகள்

பெப்ரவரி 9
டொல்பின் பார்த்த மறுநாளே வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் இரண்டு அறை விடுதி, பாதி நாள் பூட்டு. ஆகவே இன்று முகநூலில் எழுதிப் போட்டேன்: ‘குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஆருக்கும் தெரியாத ஐந்து இடங்கள்.’ பாழடைந்த உப்புக் கிட்டங்கி, ஒல்லாந்தர் கிணறு, இப்படி. ஐந்தாவதுதான் என் செல்லம்: களப்பு நடுவே மணல்திட்டில் இருக்கும் ஸியாரம், ஓர் அவ்லியாவின் அடக்கத்தலம். முழங்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். வெள்ளைத் துணி கட்டிய கம்புகளை விடாமல் போனால் சரி என்று எழுதி, படமும் போட்டேன்.

ஏப்ரல் 6
நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்! தலைகால் புரியவில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை இனாஸ் தோணிக்காரர். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தோணிக்குப் போய்விட்டார்.

மே 4
சோழகக் காற்று தொடங்கிவிட்டது. தோணிக்காரர்கள் கம்புகளைப் பிடுங்குகிறார்கள். வருசா வருசம் இப்படித்தானாம். காற்று மணலை அரித்து நடைவழியை இல்லாமல் ஆக்கிவிடும். அதே கம்புகளைத் தோணி போகிற ஆழத்துக்கு மாற்றி நடுவார்களாம். புத்தளம் டவுனில் பிறந்தவளுக்கு இது எப்படித் தெரியும்?
"அத அழிச்சிருங்க சுல்பா," என்றார் இனாஸ். "இப்ப அந்தக் கம்புவழி நடந்தா ரெண்டாள் ஆழம்."
அழித்துவிட்டேன்.

மே 5
அழித்து என்ன? என் படம் யார் யார் பெயரிலோ சுற்றுகிறது. பதினேழு முகநூல் பக்கங்களுக்கு அழிக்கச் சொல்லி எழுதினேன். ஒருவர் சிரித்த முகம் அனுப்பினார். கரையில் பலகை வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வைப்போம் என்றார் இனாஸ். நானும் ஓம் என்றேன்.

மே 8
வெள்ளிக்கிழமை. பலகை இன்னும் வைக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு கரைக்குப் போனேன். இரண்டு சோடி செருப்பு. ஆர்ட? யா அல்லாஹ், ஆர்ட இது?

மே 9
கம்பைக் கட்டிப்பிடித்தபடி இருந்த பெண்ணை இனாஸ் நேற்றே உயிரோடு கொண்டுவந்தார். அவளுடைய மாப்பிள்ளையின் உடல் இன்று விடியத்தான் கிடைத்தது. கலியாணம் முடித்து ஒன்பது நாளாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்டாள்.
"கம்ப விடாமத்தானே நாங்க போன?"
நான் யார் என்று சொல்லவில்லை.

மே 10
பலகை வைத்தாயிற்று.

ஜூன் 15
இனாஸ் வெள்ளையை அவிழ்த்துவிட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். நான் தினமும் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து இருக்கிறேன். இன்று ஒரு வான் நிறைய வந்தார்கள். போனில் என் படம். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், அதை எழுதினவள் நான், அதால் ஒருவர் மௌத்தாகிவிட்டார் என்று. கேட்டுக்கொண்டார்கள், தண்ணீரில் இறங்கவில்லை. போகும்போது ஒரு பெண் பிள்ளை மட்டும் நின்று, போனை உயர்த்திக் கம்புகளைப் படம் எடுத்தாள்.
"சிவப்பு இன்னும் வடிவு," என்றாள்.