சுத்தியலடி பட்ட உப்புப் படிகம்

12 ஆகஸ்ட் 1981, ஆம்பூர்

என் எக்ஸ்ரே படத்தை என்னைக் கேட்காமல் குப்பையில் போட்டது அநியாயம். போட்டவர் கல்லூரி இயற்பியல் வாத்தியார்.

"புள்ளியெல்லாம் இழுத்துக்கிட்டு இருக்குது பெரியவரே. படம் ஆடிப்போச்சு."

ஆடவில்லை. உப்புப் படிகத்தைச் சுத்தியலால் அடித்துவிட்டு, அதன் வழியாக எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த புள்ளிப் படம் அது. அடிக்கும் முன் புள்ளிகள் கூராக இருந்தன. ஆனால் படிகம் நசுங்கி அணுக்கள் நெருங்கியிருந்தால் புள்ளிகள் வெளிப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. இதைச் சொன்னதும் வாத்தியார் மடக்கினார்.

"அடி ஓய்ஞ்சப்புறம் எடுத்தா இன்னா தெரியும்? அது அப்பவே பழைய அளவுக்கு வந்துட்டிருக்கும்."

நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் உருளை அழுத்திய தோல் அழுந்தியேதான் கிடக்கிறது. உப்பு மட்டும் ஏன் திரும்புகிறது? திரும்பியதென்றால் புள்ளிகள் ஏன் இழுபட்டன? புரியவில்லை.

நாளை அவர் குப்பையிலிருந்து படத்தைப் பொறுக்கித் தர வேண்டும். சுத்தியல் படும் அதே கணத்தில் எக்ஸ்ரே பாய்வதற்கு நான் ஒரு சுவிட்ச் செய்ய வேண்டும். மிச்சத்தை உப்பு சொல்ல வேண்டும்.